நாவின் கடிவாளமும் பால் பற்றாத தாயும்

நாவைப் பற்றித் தமிழில் பேசப் புகுந்தால் சொல்லில் தொடங்கிச் சொல்லிலேயே முடிப்பது நம் வழக்கம். நாவன்மை, நாவடக்கம், நாநயம், நாத்தழும்பேற உரைத்தல் என யாவும் பேச்சைச் சுட்டி நிற்பவை. ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூர்ச் சந்நிதியில் வாய் திறந்தார் என்னும் வரலாற்றையும் அவ்வழியிலேயே கேட்டு வளர்ந்திருக்கிறோம். சீர்காழிக் குளக்கரையில் பாலுண்டு பாடிய ஞானசம்பந்தரின் கதையில் மட்டும் பாலும் சொல்லும் ஒரே நாவில் சந்திக்கின்றன. அக்கதையை ஞானத்தின் கதையாகப் படித்த நாம், அதில் வரும் பாலைப் பெரும்பாலும் உருவகமாகவே கொண்டுவிட்டோம்.

ஆனால் நாவின் முதல் தொழில் பால் குடிப்பது. பேச்சு அதற்கு ஓராண்டு பின்னால் வருவது. பிறந்த குழந்தைகளுள் சிலருக்கு நாவின் அடியிலுள்ள மெல்லிய சவ்வு குட்டையாகவோ, தடிப்பாகவோ, நுனிக்கு மிக அருகில் வந்து முடிவதாகவோ அமைந்து நாவை வாயின் தரையோடு பிணைத்துவிடுகிறது. மருத்துவர்கள் இதனை ‘டங்-டை’ என்பர். வீடுகளில் ‘நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது’ என்பார்கள். இலத்தீன் மொழியில் அச்சவ்வின் பெயரான ‘ஃப்ரேனம்’ என்னும் சொல்லுக்குக் கடிவாளம் என்று பொருள். குதிரையின் வாய்க்குப் பூட்டுவதை மனிதக் குழந்தையின் வாயில் இயற்கையே பூட்டிவிட்டதாகக் கண்ட பழைய மருத்துவர்களின் கற்பனை பிழையானதன்று.

இக்கடிவாளத்தை வரலாற்றில் யார், எதைப் பார்த்துக் கண்டுகொண்டனர்? காணத் தவறிய காலங்களில் பழி யார்மீது விழுந்தது? இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைக் கடற்கரையின் உழைக்கும் தாய்மாருக்கு இவ்வரலாறு ஏன் தேவை? இம்மூன்று கேள்விகளையும் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறிஞ்சுதல் என்னும் உழைப்பு

கேள்விகளுக்குள் புகுமுன் குழந்தை பால் குடிக்கும் விதத்தைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. காம்பைக் கவ்விச் சப்பினால் பால் வந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது பல உறுப்புகள் இசைந்து செய்யும் கடின உழைப்பு. குழந்தை வாயை அகலத் திறந்து, நாவை நீட்டிக் கீழ் ஈற்றை மூடி, காம்போடு மார்பின் ஒரு பகுதியையும் நாவால் தொன்னைபோல ஏந்திக்கொள்ள வேண்டும். காற்றுப் புகாமல் வாய் பொருந்திய பின்னர் நா கீழிறங்குகிறது, வாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது, பால் பாய்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் டோனா கெடஸ் முதலிய ஆய்வாளர்கள் 2000-களில் மீயொலிக் கருவியின் துணையோடு இவ்வியக்கத்தைப் படம்பிடித்துக் காட்டினர்.

பிணைக்கப்பட்ட நா ஈற்றைத் தாண்டி நீள இயலாது, உயரவும் இயலாது. அதனால் குழந்தை நாவுக்குப் பதிலாக ஈறுகளால் காம்பை நெரிக்கிறது. தாய்க்கு வலி உயிர் போகிறது, காம்பு வெடிக்கிறது. குழந்தை முக்கால் மணி நேரம் மார்பில் கிடந்தும் பசியாறாமல் களைத்து உறங்கி, அரை மணியில் மீண்டும் வீறிட்டு அழுகிறது.

இதனினும் முக்கியமானது அடுத்து நிகழ்வது. தாய்ப்பால் தேங்கி நிற்கும் குளத்தைப் போன்றதன்று. இறைக்க இறைக்க ஊறும் மணற்கேணியைப் போன்றது. இறைக்காத கேணி தூர்ந்துபோவதுபோல, வடியாத மார்பு சில நாள்களில் தன் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. இரண்டு வாரம் கழித்து அவ்வீட்டுக்கு வருவோர் காண்பது பால் குறைந்த ஒரு தாயையும் மெலிந்த ஒரு குழந்தையையுமே. முதற்காரணம் குழந்தையின் நாவடியில் இருந்தது என்பது அப்போது எவர் கண்ணுக்கும் படாது. விளைவே காரணமாகத் தோற்றம் தரும். ‘இவளுக்குப் பால் பற்றவில்லை’ என்னும் தீர்ப்பு அவ்வாறுதான் எழுதப்படுகிறது.

ஓர் இளவரசனின் நாக்கு

இக்குறையை முன்னோர் அறியாதிருக்கவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானியரான செல்சஸ் தம் மருத்துவ நூலின் ஏழாம் பகுதியில், பிறவியிலேயே நா கீழோடு பிணைந்தவர்களைக் குறிப்பிடுகிறார். நாவின் நுனியை இடுக்கியால் பற்றி, அடியிலுள்ள சவ்வை அறுக்க வேண்டும்; அருகிலுள்ள குருதிக் குழாய்களைத் தொட்டுவிடாமல் எச்சரிக்கையாய் இருக்க வேண்டும் என்கிறார். அத்தோடு நில்லாமல், அறுத்தபின் பற்களுக்கு வெளியே நாவை நன்றாக நீட்ட முடிந்தும் பேச்சு வராத ஒருவரைத் தாம் அறிந்ததாகவும் எழுதுகிறார். தம் சிகிச்சை பலிக்காத நிகழ்ச்சியையும் பதிந்து வைத்த அந்த நேர்மை போற்றற்குரியது. பத்தாம் நூற்றாண்டையொட்டி ஸ்பெயினின் கோர்தோபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அல்-ஸஹ்ராவியும் நாவடிப் பிணைப்பை அறுக்கும் முறையை விளக்கியிருக்கிறார்.

செல்சஸ் பார்த்தது பேச்சை. பாலைப் பார்த்துக் கண்டுகொண்டதற்குப் புகழ்பெற்ற சான்று ஓர் அரண்மனைக் குறிப்பேட்டில் கிடைக்கிறது. 1601ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பிரெஞ்சு அரசர் நான்காம் ஹென்றிக்கு மகன் பிறந்தான். பின்னாளில் பதின்மூன்றாம் லூயியாக அரியணை ஏறியவன் அவனே. அரண்மனை மருத்துவர் ழான் எரோஆர் அக்குழந்தையின் உணவையும் உறக்கத்தையும் நாள்தோறும் எழுதி வைத்தார். குழந்தை பால் குடிக்கத் திணறுவதைக் கண்டு வாயைத் திறந்து பார்த்தபோது நாவடிச் சவ்வே தடை என்பது தெரிந்தது. பிறந்த மூன்றாம் நாளில் கியமோ என்னும் அறுவை மருத்துவர் அதனை அறுத்துவிட்டார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது வரிசை முறை. முதலில் பால் குடிப்பதைப் பார்த்தார்கள். குடிக்கத் திணறுவதை உணர்ந்தார்கள். அதன்பிறகே வாயைத் திறந்து நாவைப் பார்த்தார்கள். நானூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் இதனைக் காட்டிலும் சிறந்த வரிசையை மருத்துவம் கண்டுவிடவில்லை. மற்றொன்றும் உண்டு. அந்த இளவரசன் வளர்ந்து அரசனான பின்னும் திக்குவாயனாகவே இருந்தான். பாலுக்கு உதவிய கத்தரி பேச்சுக்கும் உதவும் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை.

அரண்மனைக்கு வெளியே இவ்வேலையைச் செய்தோர் மருத்துவச்சிகள். ஐரோப்பிய மருத்துவச்சிகள் சிலர் இதற்கென்றே ஒரு விரல் நகத்தைக் கூராக வளர்த்து, பிறந்த குழந்தையின் நாவடியைக் கீறி விட்டனர். தேவை உள்ள குழந்தை, இல்லாத குழந்தை என்னும் பாகுபாடு பலவேளைகளில் பார்க்கப்படவில்லை. குருதிப்போக்கும் நஞ்சேற்றமும் நேர்ந்தன. 18ஆம் நூற்றாண்டில் பாரிசின் ழான் லூயி பெத்தி போன்ற அறுவை மருத்துவர்கள் கண்மூடித்தனமான அறுப்பின் ஆபத்துகளை எச்சரித்து எழுத வேண்டியதாயிற்று. காணாமல் விடுவது ஒரு பிழை. காணாமலே அறுப்பது மற்றொரு பிழை. இவ்விரு பிழைகளுக்கிடையே ஊசலாடிய கதையே இக்குறையின் வரலாறு.

பாலடை மறைத்த குறை

நம் வீட்டு வழக்கங்களிலும் குழந்தையின் நாவுக்குப் பெருமதிப்பு உண்டு. பிறந்தவுடன் குடும்பத்தில் நல்ல பெயரெடுத்த ஒருவரைக் கொண்டு சர்க்கரை நீரையோ தேனையோ நாவில் தொட்டு வைப்பது ‘சேனை வைத்தல்’. வைத்தவரின் குணமும் வாக்கும் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. வசம்பை விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து நாவில் தடவினால் பேச்சு தெளிவாக வரும் என்பது மற்றொன்று. அவ்வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றும், இரவில் பெயரைச் சொல்லக் கூடாதென்பதால் ‘பேர் சொல்லாதது’ என்றும் பெயர்கள் வழங்குகின்றன. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டா என்று இன்றைய குழந்தை மருத்துவம் அறிவுறுத்துவதால், தேனும் சர்க்கரை நீரும் வசம்பும் இப்போது விலக்கப்பட வேண்டியவை. ஆயினும் இவ்வழக்கங்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும்: நாவின் மேற்புறத்தில் எதைத் தடவுவது என்பதற்கு நம்மிடம் விதிகள் பல, நாவின் அடிப்புறத்தைப் பார்ப்பது வழக்கமாக இல்லை.

மார்பில் குடிக்க இயலாத குழந்தையை நம் மூதாட்டியர் சாகவிடவில்லை. சங்காலும் பாலடையாலும் துளித்துளியாகப் புகட்டிக் காத்தனர். நீண்ட மூக்குடைய சிறு கிண்ணமான பாலடை எளிதில் கழுவத் தக்கது. புட்டியைக் காட்டிலும் தூய்மையானது. குறைமாதக் குழந்தைகளுக்குப் பிழிந்த தாய்ப்பாலைப் புகட்ட இன்றும் மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் அது பயன்படுகிறது. வீட்டுக் கருவி ஒன்று மருத்துவக் கருவியாக உயர்ந்த அரிய நிகழ்ச்சி இது.

ஆனால் அக்கருவியே ஒரு குறையை மறைத்திருக்கவும் கூடும் என்று எண்ணத் தோன்றுகிறது. பாலடையில் குடிக்க நா நீண்டு வளைய வேண்டிய தேவை குறைவு. குழந்தை பிழைத்துவிடும், குடிக்க இயலாமற்போனதன் காரணத்தை ஆராய வேண்டிய அவசரம் நீங்கிவிடும். பிழைக்காமல் நலிந்த குழந்தைக்கோ வேறொரு சொல் தயாராக இருந்தது: சவலை. தாய்ப்பால் போதாமல் மெலிந்த பிள்ளையைக் குறிக்கும் அச்சொல்லில் ஒரு நோயறிதல் பொதிந்திருக்கிறது. குறை பாலில் இருந்தது, ஆகவே தாயிடம் இருந்தது என்பதே அது. பூண்டும் சுறாப் புட்டும் கொடுத்துத் தாயின் சுரப்பைப் பெருக்கப் பார்த்தார்கள். தாய் நன்றாக உண்டாள், அது நன்மையே. எனினும் குழந்தையின் வாயைத் திறந்து பார்க்காதவரை, சுரந்த பால் மார்பிலேயே கட்டிக்கொண்டு காய்ச்சலாகத்தான் முடிந்திருக்கும்.

கஞ்சித்தொட்டிக்கு அருகே

இனி வடசென்னைக்கு வருவோம். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்து வந்தோர்க்குக் கஞ்சி ஊற்றுவதற்காக அமைந்த மணியக்காரர் சத்திரமே, இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் தொடக்கம். 1799ஆம் ஆண்டு ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அங்கே சிகிச்சையைத் தொடங்கினார். பின்னாளில், ஆளுநராயிருந்த சர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் மருத்துவக் கல்லூரிக்குச் சூட்டப்பட்டது. ஆயினும் வடசென்னையின் முதியவர்களுக்கு அது ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’தான். பசியில் பிறந்த மருத்துவமனை என்னும் நினைவை அப்பெயர் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

அதனோடு இணைந்த மகப்பேற்று மருத்துவமனை இராயபுரத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ராஜா சர் ராமசாமி முதலியாரின் கொடையால் எழுந்தது அது. சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே வழிப்போக்கர் தங்கச் சத்திரம் கட்டியவரும் அவரே. பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து ‘ஆர்.எஸ்.ஆர்.எம்.’ என்று வழங்கும் அம்மருத்துவமனையில், தலைமுறை தலைமுறையாக வடசென்னையின் மக்கள் தம் பிள்ளைகளைப் பெற்றெடுத்திருக்கிறார்கள். நகரில் மகப்பேற்றுக்கென முதல் அரசு மருத்துவமனை 1844ஆம் ஆண்டிலேயே தோன்றிப் பின்னர் எழும்பூரில் நிலைபெற்றது. 1875ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் 1885ஆம் ஆண்டு, ஆண் மருத்துவரிடம் செல்லாத பெண்களுக்கெனக் கோஷா மருத்துவமனையை உருவாக்கினார். ஆக, பிள்ளைப்பேற்றைப் பாதுகாப்பாக்கும் முயற்சியில் சென்னை முந்தி நின்ற நகரம் என்றால் மிகையாகாது.

இப்பெருமுயற்சிகளின் முதல் இலக்கு தாயும் சேயும் பேற்றின்போது இறவாமல் காப்பது. அது நியாயமே. ஆனால் பேறு முடிந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒருவர் அருகமர்ந்து குழந்தை பால் குடிப்பதை முழுமையாகப் பார்ப்பதற்கு வேறு வகையான நேரம் வேண்டும். கூட்டம் நிறைந்த அரசு மகப்பேற்றுப் பிரிவில் மிக அரிய பொருள் மருந்தன்று, அந்த நேரம்தான்.

வெளியே தாய்க்கும் அந்த நேரம் இருக்கவில்லை. 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது. 1875ஆம் ஆண்டையொட்டிச் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கியது. இரயிலும் துறைமுகமும் ஆலைகளும் உழைப்போரை இங்கே குவித்தன. திருவொற்றியூரின் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர் இன்று மெட்ரோ நிலையத்தின் பெயராக நிற்கிறது. தொழிற்சாலைப் பெண்களுக்கு 1934ஆம் ஆண்டின் சென்னை மகப்பேற்று நலச் சட்டம் சிறிது ஓய்வளித்தது. 1961ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் பன்னிரண்டு வார விடுப்பையும், வேலைக்குத் திரும்பியபின் பாலூட்டுவதற்கான இடைவேளைகளையும் தந்தது; 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரு குழந்தைகளுக்கு விடுப்பை இருபத்தாறு வாரமாக்கியது. ஆனால் விடியுமுன் காசிமேட்டு ஏலத்தில் நின்று கூடை எடுக்கும் மீன்விற்கும் பெண்ணுக்கு முதலாளி எவரும் இல்லை. ஆகவே விடுப்பும் இல்லை. அத்தகையோருக்காகத் தமிழக அரசு 1987ஆம் ஆண்டு முத்துலெட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேற்று நிதியுதவியைத் தொடங்கியது. முந்நூறு ரூபாயில் தொடங்கிய அத்தொகை 2018ஆம் ஆண்டில் பதினெட்டாயிரமாக உயர்ந்தது. அவ்வுதவி இருந்தும், குழந்தை ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் மார்பில் கிடக்குமானால் அந்தத் தாய் எத்தனை வாரம் தாக்குப்பிடிப்பாள்?

புட்டி வந்தது, நாக்கு மறந்தது

அவளுக்கு விடையாக வந்தது புட்டி. 20ஆம் நூற்றாண்டில் டின்பாலும் மாவுப்பாலும் உலகெங்கும் பரவின. செவிலியர் உடையணிந்த விற்பனைப் பெண்கள் சிங்கப்பூரின் ஏழைத் தாய்மாரிடம் இனிப்பூட்டிய டின்பாலை விற்பதைக் கண்டு கொதித்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939ஆம் ஆண்டு அந்நகரின் ரோட்டரி சங்கத்தில் அதனைக் கொலை என்றே கண்டித்துப் பேசினார். இந்தியாவில் மைசூர் உணவு ஆய்வுக்கூடம் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டது. அமுல் நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தூய நீரும் போதிய விறகும் இல்லாத குடிசைகளில் கழுவாத புட்டியும் நீர்த்த பாலும் வயிற்றுப்போக்காக முடிந்தன.

புட்டியின் ரப்பர் காம்பில் நாவின் உழைப்பு பெரிதும் தேவைப்படுவதில்லை. ஆகவே புட்டி பெருகிய நாடுகளில் நாவடிப் பிணைப்பைப் பார்க்கும் பழக்கமும் மெல்ல மறைந்தது. அறுப்பது பழைய மருத்துவச்சிகளின் மூடவழக்கம் என்று ஒதுக்கப்பட்டது. ஒரு குறையைக் காணும் கண், அக்குறையால் வரும் துன்பம் வேறு வழியில் சமாளிக்கப்பட்டவுடன் மூடிக்கொண்டது. பாலடை இங்கே செய்ததைப் புட்டி உலகளவில் செய்தது.

மீண்டும் எழுந்த கத்தரி

1981ஆம் ஆண்டு உலக சுகாதார அவை தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. 1991ஆம் ஆண்டு ‘குழந்தை நேய மருத்துவமனை’ இயக்கம் தொடங்கியது. 1992ஆம் ஆண்டு இந்தியா, புட்டிக்கும் மாவுப்பாலுக்கும் விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. தாய்மார் மீண்டும் பாலூட்டத் தொடங்கியபோது, மறந்திருந்த நாவும் நினைவுக்கு வந்தது. 1993ஆம் ஆண்டு அமெரிக்கப் பாலூட்டல் ஆலோசகர் அலிசன் ஹேசல்பேக்கர், நாவின் தோற்றத்தையும் இயக்கத்தையும் தனித்தனியே மதிப்பிடும் அளவுகோலை வகுத்தார்.

எண்கள் சுவையானவை. 2000ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 1041 பச்சிளங்குழந்தைகளுள் 50 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஐவருக்குச் சற்றுக் குறைவாக, இக்குறை காணப்பட்டது. அவர்களின் தாய்மாருள் நால்வருக்கு ஒருவர் பாலூட்டச் சிரமப்பட்டார். குறையற்ற குழந்தைகளின் தாய்மாருள் அவ்வாறு சிரமப்பட்டோர் நூற்றுக்கு மூவர். இதனை இருபுறமும் படிக்க வேண்டும். இக்குறை சிரமத்தைப் பெருக்குகிறது என்பது ஒருபுறம். குறையுள்ள குழந்தைகளுள் நாலில் மூன்று பங்கு தொல்லையின்றிப் பால் குடித்தது என்பது மறுபுறம்.

மறுபுறத்தைப் பலர் படிக்கவில்லை. அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளில் இந்நோயறிதல் 1997ஆம் ஆண்டுக்கும் 2012ஆம் ஆண்டுக்கும் இடையே எட்டு மடங்குக்கு மேல் பெருகியது. பதினைந்தே ஆண்டுகளில் குழந்தைகளின் நாவமைப்பு மாறிவிடாது. பார்ப்பவரின் கண்தான் மாறியது. 2014ஆம் ஆண்டு பிரேசில், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாச்சோதனை கட்டாயம் என்று சட்டமே இயற்றிவிட்டது. 2017ஆம் ஆண்டு காக்ரேன் அமைப்பு, 302 குழந்தைகளைக் கொண்ட ஐந்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அறுப்பதால் தாயின் வலி சிறிது காலத்துக்குக் குறைகிறது. ஆனால் குழந்தை பால் குடிப்பதில் சீரான முன்னேற்றத்தைக் காட்ட இயலவில்லை என்பது அதன் முடிவு. 2019ஆம் ஆண்டு நியூசிலாந்தின் நிக்கி மில்ஸ் குழுவினர், நாவடிச் சவ்வு தனித்ததொரு கயிறன்று, வாயின் தரை முழுதும் பரவிய படலத்தின் மடிப்பே என்று உடற்கூற்றால் காட்டினர். மடிப்பு எல்லோருக்கும் உண்டு. அதன் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். 2024ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், முதலில் பாலூட்டும் முறையைச் சீர்செய்ய வேண்டும், அதன்பின்னும் தொல்லை நீங்காவிடில் அறுப்பதை எண்ணலாம் என்று வழிகாட்டியது. லேசரால் தனி நன்மை உண்டு என்பதற்கும் சான்றில்லை என்றது.

பார்க்கத் தெரிந்த கண்

இவ்வரலாறு நமக்குத் தரும் பாடத்தை எளிய சொற்களில் சொல்லிவிடலாம். இக்குறையை நாவை மட்டும் பார்த்து அறிய இயலாது. பால் குடிப்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தாயிடமிருந்து தொடங்குவோம். முதல் சில நாள்களின் கூச்சம் போன்ற வலி இயல்பு. பாலூட்டும் நேரம் முழுதும் நீடிக்கும் வலியும், காம்பில் வெடிப்பும், குழந்தை விட்டபின் காம்பு சப்பையாகவோ சாய்வாக நசுங்கியோ காணப்படுவதும் இயல்பல்ல. குழந்தையிடம்: மார்பைப் பற்றிப் பற்றி நழுவுதல், குடிக்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம், கடைவாயில் பால் ஒழுகுதல், நெடுநேரம் குடித்தும் பசியாறாமை, எடை ஏறாமை. குழந்தை அழும்போது நா மேலெழாமல் வாயின் தரையிலேயே கிடப்பதும், நீட்டும்போது நுனி நடுவில் இழுபட்டு இதய வடிவில் பிளவுபடுவதும் நாவில் காணும் குறிகள். முதல் வாரம் கடந்தபின் நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை மீட்டதா என்பவை எந்தத் தாயும் கவனிக்கக் கூடிய அளவுகோல்கள். சிறுநீர் குறைந்தாலோ குழந்தை பாலுக்கு விழிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். காரணம் நாவைத் தவிர வேறாகவும் இருக்கலாம்.

குறி ஒன்று தென்பட்டவுடன் கத்தரி தேவைப்படுவதில்லை. குழந்தையைப் பிடிக்கும் நிலையை மாற்றி, காம்பை மட்டும் கவ்வவிடாமல் வாய் நிறைய மார்பைப் பற்றச் செய்தாலே பலருக்குத் தொல்லை தீர்ந்துவிடுகிறது. அதுவரை பாலைப் பிழிந்து பாலடையில் புகட்டினால் சுரப்பும் வற்றாது, குழந்தையும் மெலியாது. மறைத்த கருவியே காக்கும் கருவியாவது இங்கேதான். தீராத சிலருக்கு, பயிற்சி பெற்ற மருத்துவர் சில நொடிகளில் செய்து முடிக்கும் சிறு அறுவை பெருந்துணை புரியும். வீட்டில் நகத்தாலோ பிளேடாலோ எவரும் அதனைச் செய்யலாகாது. குருதி உறையாத நோய் குடும்பத்தில் உண்டென்றால் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், குழந்தைகளிடம் தேட வேண்டிய முப்பது குறைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. பிளவுபட்ட உதடும் அண்ணமும், வளைந்த பாதமும், பிறவிச் செவிடும் அதில் உண்டு. நாவடிப் பிணைப்பு இல்லை. இல்லாததும் ஒருவகையில் நன்றே. பட்டியலில் ஏறினால் வாயைத் திறந்து பார்த்து ஒரு கட்டத்தில் குறியிடுவதோடு வேலை முடிந்துவிடும். பிரேசிலைப் போலப் பார்த்ததையெல்லாம் குறையாக எண்ணும் ஆபத்தும் சேரும். தேவை வேறொன்று. தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன. ஆயினும் ஆறு மாதம் தாய்ப்பாலை மட்டுமே உண்டு வளரும் குழந்தைகள் பாதிக்குச் சற்று மேல்தான். பேற்றுக்கும் பாலூட்டலுக்கும் இடையே விழுந்த இப்பள்ளத்தில்தான் ‘பால் பற்றாத’ தாய்மார் விழுகிறார்கள். 2015ஆம் ஆண்டு முதல் நம் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. இடம் கிடைத்துவிட்டது. இனி வேண்டுவது பேற்றுப் பிரிவிலும், நகர சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வரும் வேளையிலும், ஒரு முறையேனும் முழுதாக அருகமர்ந்து பார்க்கும் கால் மணி நேரம்.

1601ஆம் ஆண்டில் அரண்மனைக் குழந்தைக்கு அந்தக் கால் மணி நேரம் கிடைத்தது, அரசன் மகன் என்பதால். காசிமேட்டிலும் எண்ணூரிலும் பிறக்கும் குழந்தைக்கு அது கிடைப்பதற்குப் புதிய கருவியோ பெரும் பொருட்செலவோ வேண்டியதில்லை. ‘உனக்குப் பால் பற்றவில்லை’ என்று தாயிடம் சொல்ல வாயெடுக்குமுன், ‘குழந்தை குடிப்பதைக் கொஞ்சம் பார்க்கலாமா அம்மா?’ என்று கேட்கும் ஒருவர் இருந்தால் போதும்.